ரத்தப் புற்றுநோயோடு வாழும்போது எது நல்ல சாப்பாடு? பட்டியல்கள் படித்துக் குழம்பிவிட்டேன்

மழைமேசை (முதல் பதிவு)

வணக்கம். எனக்கு வயது 53. போன வருடம் வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு கூடியிருந்தது. கடைசியில் சி.எல்.எல். என்ற நாள்பட்ட லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள். இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாருங்கள், பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர்.

அந்தச் சும்மா இருப்பதுதான் என்னால் முடியவில்லை. மருந்து என் கையில் இல்லை, சாப்பாடாவது என் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நோட்டு போட்டு, படித்ததையும் தெரிந்தவர்கள் சொன்னதையும் எழுதினேன். சர்க்கரை புற்றுக்குத் தீனி, அதனால் சர்க்கரை போச்சு. பழம் இனிப்பு, பழமும் போச்சு. பால் ஆகாது, முட்டை ஆகாது, அரிசி, கோதுமை ஆகாது. ரத்தம் ஊற பீட்ரூட், மாதுளை, இரும்புச்சத்து மாத்திரை. ஐந்து மாதத்தில் நோட்டில் அடிக்காமல் மிச்சம் இருந்தவை ஒன்பதே சாமான்கள். 64 கிலோ இருந்தவள் 58 ஆகிவிட்டேன்.

எல்லோரும் இளைத்துவிட்டாய், நன்றாக இருக்கிறாய் என்றார்கள். ஆனால் படியேறினால் தொடை நடுங்குகிறது. இதே நோயோடு இருப்பவர்கள் நிஜமாக என்ன சாப்பிடுகிறீர்கள்?

ஈரமண்

அக்கா, உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எனக்கு வந்தது ஏ.எம்.எல்., வேகமாக வளரும் லுக்கேமியா. அது உங்களுடையது மாதிரி காத்திருக்காது. கண்டுபிடித்த நாலாம் நாள் கீமோ. ஒரு மாதம் வார்டிலேயே இருந்தேன்.

இரண்டாவது வாரத்தில் எது வாயில் வைத்தாலும் காசைச் சப்பிய மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர், எவர்சில்வர் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மரக்கரண்டியில் சாப்பிடு தம்பி என்றார். நம்பாமல்தான் செய்தேன், பாதி வித்தியாசம் தெரிந்தது. சூடான சாப்பாட்டின் வாசனையே குமட்டும். ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வாசனை அடங்கிவிடும், இறங்கும். வேகவைத்த உருளைக்கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்து, ஆறியபின் ஒவ்வொரு கரண்டியாகச் சாப்பிட்டது இப்போதும் கண்முன் நிற்கிறது. ஒரு கிண்ணம் முடிக்க ஒன்றரை மணி நேரம்.

அப்போது என் தட்டைப் பார்த்தவர் யாரும் அதை ஆரோக்கிய உணவு என்று சொல்லியிருக்க மாட்டார். காய்கறியே கிடையாது. ஆனால் அந்த மாதம் எனக்கு அதுதான் ஆரோக்கியம்.

பச்சிலை

நான் வேறு கருத்து சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். எனக்கு லிம்ஃபோமா, நிணநீர் மண்டலத்தில் வரும் புற்று. சிகிச்சை முடிந்து நாலு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். அன்றிலிருந்து வெள்ளைச் சர்க்கரை தொட்டதில்லை. தினமும் காலையில் பச்சைக் காய்கறிச் சாறு. உடம்பு லேசாக இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது.

பெட் ஸ்கேனில் என்ன செய்கிறார்கள்? சர்க்கரையைத்தானே ஊசியில் ஏற்றுகிறார்கள்? கட்டி அதை இழுத்துக்கொண்டு மினுங்குவதை நானே திரையில் பார்த்தேன். அதைப் பார்த்தபின் எப்படி இனிப்பை வாயில் வைப்பது? உணவில் ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

தட்டில்பாதி

நான் ரத்தநோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். இந்த இழை மூன்று பேரின் மூன்று நிலைமை. அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மழைமேசை அம்மாவுக்கு, அவசரமான ஒன்று. சி.எல்.எல்.லில் எப்போது சிகிச்சை தொடங்குவது என்று தீர்மானிக்க டாக்டர்கள் பார்க்கும் அறிகுறிகளில் எடையும் உண்டு. தானாக, காரணம் இல்லாமல், ஆறு மாதத்துக்குள் 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைந்தால் அது நோய் முடுக்கிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். ராத்திரி வியர்வை, தொற்று இல்லாத காய்ச்சல் எல்லாம் அதே வரிசையில் வரும். நீங்கள் ஐந்து மாதத்தில் 64லிருந்து 58க்கு வந்திருக்கிறீர்கள். 9 சதவீதத்துக்கு மேல். சாப்பாட்டைக் குறைத்ததால் இறங்கியதா, நோயால் இறங்கியதா என்று இப்போது உங்கள் டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிற தராசு முள்ளை நீங்கள் கையால் நகர்த்தி வைத்திருக்கிறீர்கள். அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் போன் செய்து, நோட்டில் என்னவெல்லாம் அடித்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சர்க்கரை. பச்சிலை சொன்ன ஸ்கேன் உண்மைதான். பல புற்று செல்கள் குளுக்கோஸை வேகமாக எடுத்துக்கொள்ளும். 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் இதைக் கவனித்து எழுதிவிட்டார். ஆனால் மூளையும் குளுக்கோஸில்தான் ஓடுகிறது, ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம். நீங்கள் இனிப்பை நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை பூஜ்யம் ஆகிவிடாது. கல்லீரல் தானே தயாரித்து ஊற்றும். மாவுச்சத்தும் இல்லை, புரதமும் இல்லை என்றால் தசையை உடைத்துத் தயாரிக்கும். அம்மா, உங்கள் தொடை நடுங்குவது அங்கிருந்து வருவதாக இருக்கலாம். இனிப்புப் பானம், மிட்டாய் இவற்றைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லது. பழத்தையும் தானியத்தையும் அடித்தது வேண்டாத வேலை.

இரும்பு. ரத்தச்சோகை என்றதும் இரும்பு மாத்திரை என்று கை போய்விடுகிறது. லுக்கேமியாவில் ஹீமோகுளோபின் குறைவது பெரும்பாலும் இரும்பு இல்லாததால் அல்ல. சிவப்பணு தயாராகும் எலும்பு மஜ்ஜையில் இடம் பறிபோவதால். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்து நிஜமாகவே குறைவு என்று தெரிந்தால் மட்டும்தான் மாத்திரை. ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் போய்த் தங்கும். பீட்ரூட்டும் மாதுளையும் பிடித்தால் சாப்பிடுங்கள், அவற்றால் தொல்லை இல்லை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது, அவ்வளவுதான்.

இப்போது, என்ன சாப்பிடுவது? உங்கள் நிலைமையில் முதல் கணக்கு புரதம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது, இளைத்திருப்பவருக்கு 1.2 முதல் 1.5 வரை. 58 கிலோவுக்கு 70 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டை 12, ஒரு தம்ளர் பால் 8, ஒரு கிண்ணம் வெந்த பருப்பு 15க்கு மேல், உள்ளங்கை அளவு மீன் 20, ஒரு கிண்ணம் தயிர் 7, ஒரு கைப்பிடி கடலை 7. சேர்ந்துவிட்டது. சிறுநீரகம் சரியாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு; இல்லாதவர்கள் கேட்டுவிட்டுத்தான். புரதத்தோடு தானியம், காய், பழம் எல்லாம் வரட்டும். உங்களைப் போல சிகிச்சை தொடங்காதவருக்குத் தனியாக ஒரு புற்றுநோய் உணவு என்று கிடையாது.

மழைமேசை

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எடை விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னபோது என் காதில் ஏறவில்லையோ என்னவோ. நாளைக்கே போன் செய்கிறேன்.

இரண்டு சந்தேகம். சி.எல்.எல்.லுக்குக் கிரீன் டீ நல்லது என்று பல இடத்தில் படித்தேன், காப்ஸ்யூல் வாங்கி வைத்திருக்கிறேன். அப்புறம், பச்சைக் காய்கறி சாப்பிடலாமா கூடாதா? ஒருவர் சாறு குடி என்கிறார், இன்னொருவர் பச்சையாக எதையும் தொடாதே என்கிறார்.

இருவேளை

கிரீன் டீக்கு ஆலோசகர் பதில் சொல்லட்டும். அதற்கு முன் மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் ஒன்று. என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம்.

எனக்கு சி.எம்.எல்., இன்னொரு வகை நாள்பட்ட லுக்கேமியா. முதலில் இமாட்டினிப் மாத்திரை கொடுத்தார்கள். அது சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டிக் கொல்லும். இரண்டு வருடம் கழித்து நிலோட்டினிப் காப்ஸ்யூலுக்கு மாற்றினார்கள். அது நேர் எதிர். போடுவதற்கு 2 மணி நேரம் முன்பும் போட்ட பின் 1 மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. நான் பழைய பழக்கத்தில் முதல் வாரம் சாப்பாட்டோடு போட்டுவிட்டேன். நர்ஸ் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னேன், அவர் முகம் மாறிவிட்டது. சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறும், இதயத் துடிப்பின் தாளத்தையே கெடுக்கலாம் என்றார். அன்றே இ.சி.ஜி. எடுத்தார்கள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

கிரேப்ஃப்ரூட் பழத்தையும் (திராட்சை இல்லை, ஆரஞ்சு இனத்துக் கசப்புப் பழம்) சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியப் பட்டியல் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் மருந்தை உடைக்கும் நொதியைக் குடலில் அது தடுத்துவிடும், மருந்து உடம்பில் தேங்கும். எனக்கும் கூடாது. சி.எல்.எல்.லுக்குக் கொடுக்கும் இப்ரூட்டினிப், வெனிட்டோகிளாக்ஸ் இரண்டுக்கும் கூடாது. மார்மலேட் போடுகிற கசப்பு ஆரஞ்சும் அதே கதை. சாதாரண ஆரஞ்சுக்குத் தடை இல்லை. அக்கா, பின்னாடி உங்களுக்கு மாத்திரை ஆரம்பித்தால் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது.

தட்டில்பாதி

இருவேளை சொன்னது நூற்றுக்கு நூறு. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரையைக்கூடக் கேட்காமல் போடாதீர்கள். சி.எம்.எல்.லுக்குத் தரும் டசாட்டினிப் போன்ற மருந்து வயிற்றில் அமிலம் குறைந்தால் சரியாக ஏறாது.

கிரீன் டீ. உங்கள் காதுக்கு வந்தது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆரம்ப நிலை சி.எல்.எல். நோயாளிகளுக்கு அதன் சாரத்தை மிகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் இரண்டாம் கட்ட முடிவு வந்தது. சிலருக்கு லிம்ஃபோசைட் (இந்த நோயில் பெருகும் வெள்ளையணு) எண்ணிக்கை குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க சாரம் கொடுக்காத குழு அதில் இல்லை. அதனால் ஆயுள் கூடுகிறது, சிகிச்சை தள்ளிப்போகிறது என்றெல்லாம் அதை வைத்துச் சொல்ல முடியாது. காப்ஸ்யூலில் இருக்கும் அடர்த்தி கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் இருக்கின்றன. கப்பில் போட்டுக் குடிக்கிற டீ வேறு, காப்ஸ்யூல் வேறு. காப்ஸ்யூலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு போர்ட்டிசோமிப் ஊசி போட்டுக்கொள்பவர்கள் டீயைக்கூடத் தவிர்ப்பது நல்லது. அதில் உள்ள பொருள் மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

பச்சைக் காய்கறி. இதில்தான் ரொம்ப நாள் எங்கள் துறையே குழம்பிக் கிடந்தது. கீமோவால் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளையணு) ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால் தொற்று பயங்கரமாகப் பிடிக்கும். அதனால் பழம், காய் எதுவும் பச்சையாகத் தராமல் எல்லாவற்றையும் வேகவைத்தே கொடுத்தோம். 2008இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், முதல் சிகிச்சையில் இருந்த 153 ஏ.எம்.எல். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வேகவைத்தது மட்டும், மறுபக்கம் பச்சைப் பழமும் காயும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெரிய தொற்றிலும் உயிரிழப்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பல மையங்கள் அந்தக் கடும் பத்தியத்தை இப்போது விட்டுவிட்டன, சில இன்னும் வைத்திருக்கின்றன. உங்கள் வார்டில் என்ன விதியோ அதைக் கேட்டு நடங்கள்.

ஆனால் சுத்தம் விஷயத்தில் தளர்வு கிடையாது. சி.எல்.எல்.லில் ரத்த அணு எண்ணிக்கை அழகாக இருந்தாலும் எதிர்ப்புச் சக்தி தரும் புரதங்கள் குறைந்திருக்கலாம், அதனால் மருந்தே தொடங்காத உங்களுக்கும் இது பொருந்தும். காய்ச்சாத பால், அதில் செய்த பாலாடைக்கட்டி, அரைவேக்காட்டு முட்டை, பச்சை மீன், முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்பது, இவை வேண்டாம். முளைப்பயறை எவ்வளவு கழுவினாலும் போகாது, கிருமி விதைக்குள்ளேயே இருக்கும், முளைக்கிற ஈரமும் சூடும் அதற்குப் பிடித்த சூழல். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், அதனால் ஃப்ரிட்ஜில் இருப்பது எல்லாம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். பழத்தை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு வெட்டுங்கள்; தோலை உரிப்பதாக இருந்தாலும் முதலில் கழுவுங்கள், இல்லாவிட்டால் கத்தி தோலில் இருப்பதை உள்ளே கொண்டுபோகும்.

தூளிக்கயிறு

என் மகனுக்கு ஏ.எல்.எல். (குழந்தைகளுக்கு அதிகம் வரும் லுக்கேமியா) வந்தபோது வயது 5. குழந்தைகள் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு வாரங்களில் ராத்திரி 2 மணிக்கு எழுந்து பசி என்று அழுவான். முதலில் பயந்து பிஸ்கட்டாகக் கொடுத்தேன், சர்க்கரை ஏறியது. பிறகு வேகவைத்த முட்டை, கெட்டித் தயிர், பருப்பு சூப் என்று தலைமாட்டிலேயே தயாராக வைத்துக்கொள்வேன். உப்பையும் குறைக்கச் சொன்னார்கள். முகம் வீங்கியதற்கு ஸ்டீராய்டுதான் காரணம், ஆனால் உப்பு சேர்ந்தால் தண்ணீர் இன்னும் கோத்துக்கொள்ளுமாம். வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசி போட்ட வாரம் மலச்சிக்கலில் துடிப்பான். அந்த வாரம் முழுக்கத் தண்ணீரும் கொடிமுந்திரியும். அதோடு டாக்டர் எழுதிய மருந்தும், ஏனென்றால் அந்தச் சிக்கல் சாப்பாட்டால் மட்டும் தீராது.

என் பெரிய தப்பு ஒன்று. கீமோ அன்று அவன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவனுக்கு உயிரான வாழைப்பழ மில்க்‌ஷேக்கை நானே செய்து எடுத்துப் போவேன். மூன்றாவது தடவை வாந்தி எடுத்தான். அதன்பின் அந்த டம்ளரைப் பார்த்தாலே ஓங்கரிப்பான். இப்போது 9 வயது, சிகிச்சை முடிந்து பள்ளிக்கூடம் போகிறான். வாழைப்பழம் மட்டும் இன்னும் தொடுவதில்லை.

தட்டில்பாதி

தூளிக்கயிறு அம்மா, அது உங்கள் தப்பு இல்லை. இது நன்றாகத் தெரிந்த விஷயம், ஆனால் பெற்றோரிடம் நாங்கள் சொல்லத் தவறுகிறோம். 1978இல் இலீன் பெர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர், கீமோவுக்குச் சற்று முன் குழந்தைகளுக்குப் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிறகு அவர்கள் அந்தச் சுவையை ஒதுக்கினார்கள். குமட்டலுக்குக் காரணம் மருந்து என்று புத்திக்குத் தெரிந்தாலும் நாக்கு சாப்பாட்டின் மேல்தான் பழி போடும். கீமோ நாளில் பிடித்தமானதைக் கொடுக்காமல், அவ்வளவாகப் பிரியமில்லாத சாதாரண உணவைக் கொடுங்கள். பெரியவர்களுக்கும் இதே விதிதான்.

மூன்றாம்படி

அப்பாவுக்கு மைலோமா. சுருக்கமாகச் சொல்கிறேன்: தண்ணீர். மைலோமாவில் வரும் புரதத் துண்டுகள் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். இதயக் கோளாறு இல்லாததால் அவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் சொன்னார்கள். குடித்தேன் என்பார், கணக்குப் பார்த்தால் ஒரு லிட்டர்கூட இருக்காது. இப்போது காலையில் மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களை வரிசையாக மேசையில் வைத்துவிடுகிறேன். ராத்திரி காலி பாட்டில்தான் சாட்சி.

கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை உறவினர் ஒருவர் அன்பாக வாங்கி வந்தார். எலும்பு தேயும் நோய் என்றால் கால்சியம் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் எலும்பு கரைவதால் ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தது. கேட்காமல் கொடுத்திருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. இத்தனைக்கும் எலும்புக்கு ஊசி போட ஆரம்பித்த பிறகு அதே கால்சியத்தை டாக்டரே எழுதிக் கொடுத்தார். அதனால் இன்னொரு மைலோமாக்காரருக்குச் சரியாக இருப்பது அப்பாவுக்குச் சரியாக இருக்கும் என்று நான் இப்போது நம்புவதில்லை. அவருக்கே போன மாதம் சரியாக இருந்தது இந்த மாதம் சரியாக இருக்கும் என்றும் நம்புவதில்லை. பரிசோதனைத் தாளைப் பார்த்துத்தான் சமைக்கிறேன்.

பச்சிலை

எல்லாவற்றையும் படித்தேன். நான் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். என் சாறும் சர்க்கரை நிறுத்தமும் சிகிச்சை முடிந்த பிறகு ஆரம்பித்தவை. ஆறு சுற்று கீமோ நடந்தபோது நானும் கஞ்சியும் ஐஸ்கிரீமும்தான் சாப்பிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் காய்ச்சாறுதான் நோயை விரட்டியது என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை.

ஆனால் காயும் பழமும் நிறைய சாப்பிடுவதை நான் விடப் போவதில்லை. உடம்புக்கு அது செய்வதை நான்தான் உணர்கிறேன்.

தட்டில்பாதி

விட வேண்டாம். உங்கள் நிலைமையில் அது மிகவும் சரி. சாறாகக் குடிப்பதைவிடக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்து முழுசாக உள்ளே போகும், அது ஒன்றுதான் நான் சொல்வது. உணவில் ஒன்றுமில்லை என்று நானும் சொல்லவில்லை. மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் மைலோமாவுக்கு முந்தைய நிலையில் இருந்த 20 பேருக்கு 12 வாரம் நார்ச்சத்து மிகுந்த தாவர உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, இன்சுலின் வேலை செய்வது சீரானது. சின்ன ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருகிறது. அதில் இருந்தவர்கள் எடை கூடியவர்கள். மழைமேசை அம்மாவுக்கு எடை ஏற வேண்டும். ஒரே தட்டை இருவருக்கும் வைக்க முடியாது.

மழைமேசை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மறுநாளே போன் செய்தேன். டாக்டர் வரச் சொல்லி, நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். திட்டவில்லை. ரத்தத்தில் லிம்ஃபோசைட் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது, நிணநீர்க் கட்டிகளும் பெரிதாகவில்லை. இப்போதைக்கு எடை இறங்கியது சாப்பாட்டால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன், சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் வேறு மாதிரி யோசிப்போம் என்றார். ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது, இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கிரீன் டீ காப்ஸ்யூலையும்.

இன்று காலை எடை 60.4. இரண்டு முட்டை தினமும். முதல் நாள் முட்டையை உடைத்தபோது கை கொஞ்சம் தயங்கியது, ஐந்து மாதப் பயம் அல்லவா. நேற்று ஒரு ஆப்பிளை நன்றாகக் கழுவி, வெட்டாமல் அப்படியே கடித்துச் சாப்பிட்டேன். நோட்டின் பின்பக்கத்தில் இப்போது புரதக் கணக்கும் எடையும் எழுதுகிறேன்.

தட்டில்பாதி அவர்களிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தொடை பலம் திரும்ப நடை மட்டும் போதுமா?

தட்டில்பாதி

60.4 என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நடை மட்டும் போதாது. பளுவுக்கு எதிராகத் தசை வேலை செய்தால்தான் சாப்பிட்ட புரதம் தசையில் போய்ச் சேரும். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், காலையும் மாலையும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். அடுத்த மாதம் எடையோடு எத்தனை தடவை முடிந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.